எந்தக் கைப் பழக்கம்?

அத்தியாயம் 12

ஆஞ்சியோ முடிந்து, இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்று போன வாரம் சொன்னார்கள் அல்லவா? அதைக் கேட்டதும் உண்ணாமலையம்மாள் கேட்ட முதல் கேள்வி, "மெஹ்ருன்னிசா வீட்டுக் கல்யாண ஜாக்கெட்டுங்க அப்படியே நிக்குதே, யார் வெட்டறது?" என்பதுதான்.

மகன் அறிவுச்செல்வன் தலையில் அடித்துக்கொண்டான். மருமகள் கவிநிலா வாயைத் திறக்கவில்லை. அவள் மனசிலும் அதே கேள்விதான் ஓடியது. ஆனால் மாமியார் கட்டிலில் படுத்திருக்கும்போது மருமகள் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசினால் ஊர் என்ன சொல்லும்?

சின்னக்கடைத் தெருவில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து நடத்துகிற தையல் கடை அது. துணி வெட்டுவது மாமியார். தைப்பது, கொக்கி வைப்பது, வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் கவிநிலா. உண்ணாமலையம்மாளுக்கு வயது எழுபத்தொன்று. இன்னமும் அளவு ஜாக்கெட் இல்லாமல், ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்லிவிடுவார். அதனால்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வருகிறார்கள்.

சரி, இந்த வாரக் கதைக்கு வருவோம்.

பைபாஸ் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் பலராமன், வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுவது வியாழக்கிழமை மட்டும்தான். அந்த வியாழக்கிழமை பார்த்துப் பௌர்ணமி வந்து தொலைத்ததை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? வேங்கிக்காலில் இருக்கிறது ஆஸ்பத்திரி. மற்ற நாளில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து புடவையைச் சரிசெய்வதற்குள் வந்துவிடும். அன்றைக்கு மலையைச் சுற்ற வந்த கூட்டத்தால் சாந்த் பாஷாவின் ஆட்டோ சந்து சந்தாகப் புகுந்து, போன சந்திலேயே மறுபடியும் வந்து நின்றது.

"இன்னா பாஷா, ஊரைச் சுத்திக் காட்டறியா? நான் பொறந்த ஊருதான்" என்றார் உண்ணாமலை.

"நான் இன்னாம்மா பண்ணுவேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பேரிகார்டு போட்டு வெச்சுக்கிறான்."

முன்சீட்டில் டிரைவரை ஒட்டி உட்கார்ந்திருந்த அறிவுச்செல்வனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்கிறான். சாயந்திரம் கிரிவலப் பாதையில் பௌர்ணமி டூட்டி. "அம்மாவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன் சார், வந்துடறேன் சார்" என்று ஒரே வாக்கியத்தைப் பத்துப் பேரிடம் சொன்னான். அவன் குரலில் இருந்த எரிச்சல் பின்சீட்டுக்கும் பரவியது.

டாக்டர் பலராமன் இவர்கள் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள். ஒரு தாளில் இதயம் என்று ஒன்றை வரைந்தார். பட்டுப்புடவை முந்தானை மாங்காய் மாதிரி இருந்தது.

"மூணு இடத்துல அடைப்பு. மூணுக்கும் மாத்துப் பாதை போடணும். முன்பக்கம் போற பெரிய குழாய்க்கு, நெஞ்சுக்குள்ளயே இடது பக்கம் இருக்கற ஆர்ட்டரியத் திருப்பிவிட்டுத் தைச்சிடுவோம். யாரா இருந்தாலும் அதான் முதல்ல. அதுல யோசனையே கிடையாது. மீதி ரெண்டுக்கு எங்கேயிருந்து எடுக்கறதுன்றதுதான் பேச்சு."

"தைக்கறது" என்றதும் உண்ணாமலை நிமிர்ந்தார். "இன்னா நூலுங்க டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "முடிய விட மெல்லிசான நூல்மா."

"அறுந்துக்காதா?"

"அம்மா, சும்மா இரும்மா" என்றான் அறிவு.

அத்தோடு உண்ணாமலை வாயை மூடிக்கொண்டார். அன்று காலை அந்த அறையில் அவர் கேட்டது இவ்வளவுதான். வீட்டில் என்றால் மூன்று தெரு கேட்கும்படி பேசுகிறவர், டாக்டர் முன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுவதைப் பார்த்தால் கவிநிலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கால்லேர்ந்து வெயின் எடுக்கலாம். சுலபம், சீக்கிரம் முடியும். ஆனா வெயின் அழுத்தம் தாங்கிப் பழகாதது. வருஷம் போகப் போக அதுவும் அடைச்சுக்கும். பத்து வருஷத்துல நிறைய வெயின் அடைச்சுப் போறதப் பாக்கறோம். முழங்கைக்குக் கீழ ஓடற ஆர்ட்டரிய எடுத்தா இன்னும் ஜாஸ்தி நாள் ஓடும். ஏன்னா அது ஏற்கெனவே அழுத்தத்துக்குப் பழகினது."

"ஜி.ஐ. பைப்புக்கும் பிளாஸ்டிக் பைப்புக்கும் இருக்கற வித்தியாசம்" என்றான் அறிவு, புரிந்துகொண்ட பெருமையோடு.

"அப்படியே இல்ல. சரி, வெச்சுக்குங்க." டாக்டர் பேனாவை மூடினார். "வயசுன்னு ஒண்ணு இருக்கு. அறுபதுக்குக் கீழ இருந்தா நான் கேக்கவே மாட்டேன், கைதான். எண்பதுன்னா கால்தான். பத்து வருஷம் கழிச்சு அடைக்கப்போறதுக்கு இப்பவே எதுக்குக் கையை வெட்டணும்? உங்கம்மா ரெண்டுக்கும் நடுவுல நிக்கறாங்க. சுகர் இருக்கு. ஆனா ஆள் திடமா இருக்காங்க. இதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ற வயசு இல்ல இது."

"பத்து வருஷம்லாம் போதாதுங்க. எங்கம்மா நூறு வயசு இருக்கணும். எது நல்லதோ அதையே வைங்க, கையே எடுத்துக்குங்க."

சொன்னவன் கண் கலங்கியிருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அம்மாவைக் கேட்கவில்லை என்பதுதான் குறை.

"வலது கைல ஆஞ்சியோ பண்ணியிருக்காங்க. உள்ள வயர் போன ஆர்ட்டரிய நான் எடுக்க மாட்டேன். அப்ப இருக்கறது இடது கை. எந்தக் கைப் பழக்கம் இவங்களுக்கு?"

"வலது கைதாங்க" என்றான் அறிவு.

கவிநிலா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அத்தை வந்து..."

"நீ இரு கவி. டாக்டர் பேசிட்டிருக்காரு இல்ல?"

டாக்டர் உண்ணாமலையின் இடது கையைப் பிடித்து, இறுக்கி மூடச் சொன்னார். மணிக்கட்டில் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு விரிக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்துக் கிடந்தது. சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விட்டதும் குபுகுபுவென்று சிவப்பு ஏறியது.

"நல்ல ஓட்டம். ஒரு குழாய எடுத்தாலும் இன்னொண்ணு கையைப் பாத்துக்கும். கட்டைவிரல் பக்கம் கொஞ்ச மாசம் மரமரன்னு இருக்கலாம். சில பேருக்கு லேசா அப்படியே நின்னுடும். பழக்கமில்லாத கைதானே, பெருசா தெரியாது. எதுக்கும் கால் ரெண்டையும் ஸ்கேன் பாத்துடுங்க. ஒரு பெரிய ஆபரேஷன் முடிச்சுட்டு சாயந்திரம் வருவேன், முடிவு சொல்லுங்க. சனிக்கிழமை பண்ணிடலாம்."

அபிநயா என்ற சிஸ்டர் வந்து, உண்ணாமலையின் இடது முழங்கைக்குக் கீழே கறுப்புப் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போட்டாள். "இந்தக் கைல யாரும் ஊசி போட விடாதீங்கம்மா. இது டாக்டர் கை."

டாக்டர் கையாம். கவிநிலாவுக்கு வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். உண்ணாமலை சோறு உண்பது வலது கையால். கையெழுத்துப் போடுவது வலது கையால். வாத்தியார் பிரம்பால் அடித்து மாற்றிய கை அது. காசு கொடுப்பது, வாங்குவது, குங்குமம் எடுப்பது, தட்டு நீட்டுவது, எல்லாம் வலதுதான். ஆனால் கத்திரிக்கோலை எடுத்தால் மட்டும் இடது. அரைநூற்றாண்டாக இடது.

அவரைப் பெண் பார்க்க வந்தபோது, காபித் தட்டை இரண்டு கையாலும் பிடி, ஒரு கையை நீட்டிவிடாதே என்று அவருடைய அம்மா நூறு முறை சொல்லி அனுப்பினாராம். பீச்சாங்கைக்காரி என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ராஜேந்திரன் கண்டுபிடித்தார். நல்ல மனிதர். "வெளிய தெரிய வேணாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கடை போட்டபோது பின்பக்கம் ஒரு திரை தைத்து மாட்டினார் உண்ணாமலை. முகூர்த்த ஜாக்கெட்டை இடது கையால் வெட்டுவதைப் பெண்வீட்டார் பார்த்தால் துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். இன்றைக்கு அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் திரை அப்படியே இருக்கிறது. மாமியார் வெட்டும்போது அதற்குள் போகிற ஒரே ஆள் கவிநிலா. கல்யாணமாகி வந்த புதிதில் தெரியாமல் திரையை விலக்கிவிட்டு, அவள் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்கேன் அறைக்குள் சிஸ்டர் அபிநயா உண்ணாமலையை அழைத்துப் போனதும் கவிநிலா கணவனை வாசலுக்கு இழுத்து வந்தாள். ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தில் டீக்கடைக்காரர் யாருக்கு எத்தனை டீ என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"வலது கைன்னு."

"சாப்பிடறது எதுல?"

"நான் சாப்பிடறதப் பத்திக் கேக்கல. அத்தை எந்தக் கைல வெட்டறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அறிவு டீயை வாங்கி அவளிடம் கொடுத்தான். தனக்கு வாங்கவில்லை. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். பேரிகார்டுக்கு அந்தப் பக்கம் வேன்களிலிருந்து ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"தெரியும்" என்றான்.

கவிநிலா டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்தாள்.

"கேட்டதும் வாய் தன்னால சொல்லிடுச்சு கவி. சின்ன வயசுலேர்ந்து யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும் எங்க வீட்டுல. ரூம விட்டு வெளிய வந்தப்புறம்தான் உறைச்சுது."

"உறைச்சதும் திரும்பிப் போய்ச் சொல்றதுக்கின்னா?"

"போகல."

"ஏன்?"

"ஏன்னா..." அவன் குரல் ஏறியது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கை மரத்துப் போனாலாவது கத்திரிக்கோலைக் கீழ வெப்பாங்க. நானும் எத்தனை வருஷமா சொல்றேன்? போதும்மா, நான் சம்பாதிக்கறேன்மா, உக்காரும்மான்னு. கேட்டாங்களா? நாள் முழுக்க அந்த டேபிள்கிட்ட நின்னு நின்னுதான் நெஞ்சு அடைச்சுக்கிச்சு."

"நிக்கறதால நெஞ்சு அடைக்காது. சுகர் இருந்துச்சு, பிரஷர் இருந்துச்சு, மாத்திரைய ஒழுங்கா போடல. டாக்டர் சொன்னாரு இல்ல?"

"ஏதோ ஒண்ணு. இனிமே கடை வேணாம்."

"அத அவங்ககிட்ட நேரா சொல்லுங்க. டாக்டர்கிட்ட மறைச்சு, அவங்க கையை எடுத்து இல்ல."

"யார் கையை எடுத்தாங்க? கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும்னாரு, அவ்ளோதான். அதுக்குப் பதிலா எங்கம்மாவுக்குப் பத்து வருஷம் ஜாஸ்தி கிடைக்குது. நான் என்ன திருட்டுத்தனமா பண்ணிட்டேன்?" அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு சொல்லக்கூடாததைச் சொன்னான். "உனக்குக் கடை போயிடுமேன்னு பயம். அத்தை மேல பாசம்னு சொல்லாத."

கவிநிலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்துக்குக் காரணம், அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான். மாமியார் வெட்டாவிட்டால் கீழ்பென்னாத்தூர் வேன் வராது. அவளுக்கு வெட்ட வராது. வெட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் "என் கை வேற, உன் கை வேற, பாத்தா குழம்பிப்பே" என்று சொல்லித் தட்டிக் கழித்தவர் மாமியார். இந்த வீட்டில் யார் மேல்தான் கோபப்படாமல் இருப்பது?

"எனக்குப் பயம்தான்" என்றாள். "இல்லன்னு சொல்லல. அதுக்காக நீங்க பண்ணது சரியாயிடாது. டாக்டர் வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். இந்தத் தடவ 'நீ இரு'ன்னா இருக்க மாட்டேன்."

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. "வந்துடறேன் சார்" என்றான்.

டாக்டர் பலராமன் சாயந்திரம் வருவேன் என்றார். சாயந்திரமும் வந்தது. டாக்டர் வரவில்லை. ஆபரேஷன் இழுத்துவிட்டதாம். காத்திருப்போர் நாற்காலியில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொண்டுவந்த தயிர்சாதத்தை உண்ணாமலை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஜாக்கெட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "கை தூக்கினா இழுக்கும். அக்குள்ல துணி பத்தல" என்று மருமகளின் காதில் சொன்னார். கவிநிலாவுக்குச் சிரிப்பதா, கத்துவதா என்று தெரியவில்லை.

"அத்தை, காலைல டாக்டர் கைப் பழக்கம் கேட்டாரே, நீங்க ஏன் பேசல?"

உண்ணாமலை தன் கையில் இருந்த பெருக்கல் குறியைப் பார்த்தார். முந்தானையால் அதை மூடிக்கொண்டார்.

"ஆம்பளைங்க முன்னாடி எப்படிடி சொல்றது" என்றார்.

அறிவு எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

கடைசியில் அழைத்தார்கள். டாக்டர் காலையில் பார்த்ததைவிடப் பாதி ஆளாக இருந்தார். கம்ப்யூட்டரில் ஸ்கேனைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன வேலை பாத்தீங்கம்மா நீங்க?"

"டெய்லருங்க."

"நின்னுக்கிட்டேயா?"

"வெட்டறது நின்னுக்கிட்டுதாங்க."

"அதான். இடது கால் வெயின் பூரா சுருட்டிக்கிட்டு வீங்கிக் கிடக்கு. ஒண்ணுக்கும் ஆகாது. வலது கால்ல ஒரு துண்டு தேறும், ஒரு பைபாஸுக்குப் போதும். இன்னொண்ணுக்கு வழி இல்ல." அவர் இவர்கள் பக்கம் திரும்பினார். "ஒரு விதத்துல நல்லதுதான், நீங்க மண்டையக் குடைஞ்சுக்க வேணாம். இடது கைதான். பழக்கமில்லாத கை, நல்ல ஓட்டம். சனிக்கிழமை வெச்சுக்கலாமா?"

கவிநிலா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் யோசிக்கக்கூட இல்லை, சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் மாமியாரின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இடது கை. துணி வெட்டி வெட்டிக் காய்ப்பேறிய கட்டைவிரல் அவள் நரம்பில் அழுத்தியது.

"டாக்டர்" என்றார் உண்ணாமலை. "நான் பீச்சாங்கைக்காரிங்க."

டாக்டர் மறுபடியும் ஸ்கேன் பக்கம் திரும்பியிருந்தார். "ம்?"

முதல் தடவை சொல்லவே அந்த மனுஷிக்கு எழுபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாவது தடவையும் சொல்ல வைத்துவிட்டாரே என்று கவிநிலாவுக்கு டாக்டர் மேல்கூட கோபம் வந்தது.

"நான் பீச்சாங்கைக்காரி. என் தொழில் பூரா இந்தக் கைதான்."

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். "காலைல கேட்டனேம்மா?"

அறிவுச்செல்வனின் காது சிவந்தது.

"கேட்டீங்க. அவன் சொன்னது பொய் இல்லீங்க. சோறு திங்கறது, கையெழுத்துப் போடறது எல்லாம் சோத்தாங்கைதான். வெட்டறது மட்டும் இது. அதை நாங்க வெளிய சொல்லிக்கறதில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். அவருக்கும் அலுப்பு. "என்னம்மா நீங்க. ஒரு வார்த்தை. ஒரே வார்த்தைல முடிஞ்சிருக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பாருங்க, ஆர்ட்டரிய எடுத்தா கை போயிடாது. நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியறதில்ல."

"சில பேருக்கு மரத்த மாதிரி நின்னுடும்னீங்களே."

"சில பேருக்கு."

"நான் அந்தச் சில பேர்ல இல்லன்னு சொல்ல முடியுங்களா?"

"முடியாது."

நேர்மையான மனிதர். ஆனால் அந்த நேரத்தில் அந்த நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"கட்டைவிரல் மரத்தா கத்திரி ஓடாதுங்க" என்றார் உண்ணாமலை. "நெஞ்சுக்குள்ள இடது பக்கம் ஒண்ணு இருக்குதுன்னீங்களே, வலது பக்கமும் இருக்குங்களா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். காலையில் இதே அம்மாள்தான் நூலைப் பற்றிக் கேட்டார் என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இருக்கு. அதுவும் நல்ல ஆர்ட்டரிதான், ரொம்ப நாள் ஓடும். ஆனா நான் சொல்லாம விட்டதுக்குக் காரணம் இருக்கு. ஆபரேஷனுக்கு நடு நெஞ்சு எலும்பைப் பிளக்கறோம். திரும்ப அது சேரணும்னா அதுக்கு ரத்தம் வேணும். அந்த ரத்தத்தக் கொடுக்கறதே இந்த ரெண்டு ஆர்ட்டரியும்தான். ரெண்டையும் எடுத்துட்டா, சுகர் இருக்கற, வயசான உடம்புல எலும்பு சேராம போகலாம். சீழ் பிடிக்கலாம். இதயத்துல வேலை சுத்தமா முடிஞ்சும், நெஞ்சுப் புண்ணால போனவங்க இருக்காங்கம்மா."

"வேணாம்மா" என்றான் அறிவு. "டாக்டர், அதெல்லாம் வேணாம். கையே எடுங்க."

"உன்ன யாருடா கேட்டது?" என்றார் உண்ணாமலை.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார். "இருங்க. சுகர் கட்டுக்குள்ள இருந்தா யோசிக்கலாம். உங்க மூணு மாச சராசரி சுகர் ரிப்போர்ட் பழசு. இப்ப ரத்தம் கொடுத்துட்டுப் போங்க, காலைல ரிசல்ட் வந்துடும். நல்லா இருந்துச்சுன்னா ரெண்டு நெஞ்சு ஆர்ட்டரியும் எடுக்கலாமான்னு பேசுவோம். ஏறியிருந்துச்சுன்னா என்னைக் கேக்காதீங்க, கைதான். அதுவும் வேணாம்னா ஒரு அடைப்ப அப்படியே விட்டுட்டு வரணும், அது எனக்குப் பிடிக்காது. ராத்திரி வீட்டுல பேசிக்குங்க. நோயாளியக் கேட்டுட்டுப் பேசுங்க." கடைசி வாக்கியத்தை அறிவைப் பார்த்துச் சொன்னார்.

சிஸ்டர் அபிநயா வலது கையில் ரத்தம் எடுத்தாள். குழாயில் ஏறுகிற ரத்தத்தையே கவிநிலா பார்த்துக்கொண்டு நின்றாள். மாத்திரையை ஒரு நாள் போட்டு, இரண்டு நாள் மறந்து, கல்யாண வீட்டு மைசூர்பாகை 'ஒரு துண்டுதானே' என்று வாயில் போட்டுக்கொண்ட மூன்று மாசம் அதற்குள் இருந்தது. அவளுக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வெளியே வந்தால் ரோடு முழுக்க ஜனம். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு மலையைச் சுற்றப் போகிறவர்கள். சாந்த் பாஷா எப்படியோ ஆட்டோவை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இந்தத் தடவை அறிவு முன்சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் அம்மாவின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான். போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஆட்டோ கொஞ்ச தூரம் போய் நின்றது. பிறகு நகரவே இல்லை.

கவிநிலா காத்திருந்தாள். அவன் இப்போது சொல்வான் என்று நினைத்தாள். காலையில் தெரிந்தும் மறைத்தேன்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இந்த நாளில் ஒன்றாவது நேராகிவிடும். அவன் தொண்டையைச் செருமினான். அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பெருக்கல் குறியை விரலால் அழிக்கப் பார்த்தான். அது போகவில்லை.

"அம்மா, நெஞ்சுல ரெண்டையும் எடுக்கறது உசுருக்கு ஆபத்துன்றாரு. அது உனக்குப் புரியுதா இல்லியா?"

"புரியுது."

"அப்புறம் ஏம்மா இந்தப் பிடிவாதம்? கொஞ்சம் மரத்துப் போனாத்தான் என்ன? கடை இல்லன்னா என்ன? நாங்க உன்னப் பாத்துக்க மாட்டோமா?"

உண்ணாமலை கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே நடக்கிற கூட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாத்துக்குவீங்கடா. அதான் பயமா இருக்குது. உங்கப்பா படுத்த படுக்கையா இருந்த ரெண்டு வருஷமும் நல்லாத்தான் பாத்துக்கினோம், ஒரு குறை வெக்கல. ஆனா தலைக்கு மேல ஓடற ஃபேனு வேணுமா வேணாமான்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த மனுஷன நாம கேட்டமா?"